பதினொரு கேள்விக்குறிகள்

யாழ்ப்பாணம் என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது ஆறு எழுத்து. கணினிக்கு அது பதினொன்று. அரவும் குற்றும் தனித்தனியாக எண்ணப்படும். இது எங்களுக்கு ஒரு வகுப்பிலும் சொல்லித் தரப்படவில்லை. ஒரு நாள் இரவு, யாழ்ப்பாணம் என்று இருக்கவேண்டிய இடத்தில் பதினொரு கேள்விக்குறிகளைப் பார்த்து எண்ணித்தான் படித்தோம்.

எங்களுக்கு முன் படித்த அண்ணாமாரும் அக்காமாரும் ஒரு இணைய இதழ் நடத்தினவை. கவிதை, நாடக விமர்சனம், வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைப் பற்றி அம்மம்மாமாரிடம் கேட்டு எழுதின நேர்காணல்கள். அவை கம்பஸ் முடிச்சுப் போகேக்க அதை எங்கட கையில தந்திட்டுப் போச்சினம். ஹோஸ்டிங் காசு கூடிப் போனதால மலிவான வேறொரு இடத்துக்கு மாத்துவம் எண்டு முடிவெடுத்தோம். பழைய இடத்தில் டேட்டாபேஸை ஒரு கோப்பாக இறக்கினோம். கோப்பு நினைச்சதை விடச் சின்னதாக இருந்தது. சந்தோசப்பட்டோம். ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. ரெண்டு மாதத்தில் பழைய கணக்கு காலாவதியாகி அழிக்கப்பட்டது. புதிய இடத்தில் கோப்பை ஏற்றினபோது தமிழ் முழுக்கக் கேள்விக்குறி. இடைவெளியும் முற்றுப்புள்ளியும் மட்டும் அந்தந்த இடத்தில் பத்திரமாக இருந்தன.

கோப்பு சின்னதாக இருந்த காரணமும் பிறகுதான் விளங்கியது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். இறக்கும்போது குறியாக்கம் லத்தீன்1 என்று இருந்திருக்கிறது. லத்தீன்1 மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பெட்டி. அதில் தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக 1 பைட் கேள்விக்குறியை அது வைத்தது. மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கின கோப்பைப் பார்த்துத்தான் நாங்கள் சந்தோசப்பட்டிருக்கிறோம்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் நாங்கள் யாழ் நூலகத்தைப் பற்றி எழுதுகிறோம். 1981இல் எரிந்துபோன 97,000 நூல்களைப் பற்றிப் பதிவு போடுகிறோம். அதையும் இதையும் ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. அது எரிக்கப்பட்டது. இது எங்கட அசட்டையால போனது. ஆனால் அழிவைப் பற்றி இவ்வளவு கதைக்கிற ஒரு தலைமுறை, தன்ர எழுத்து எந்தப் பெட்டிக்குள் கிடக்குது எண்டுகூடத் தெரியாமல் இருப்பதை எப்படி நியாயப்படுத்துவது? இந்தக் கட்டுரை முதலில் எங்களோடு நாங்கள் போடும் சண்டை. அதற்குப் பிறகு உங்களோடு.

"அது ஐ.டி. ஆக்களின்ர வேலை"

கலைப்பீடத்தில் இதுதான் எங்கட வழமையான பதில். இதழின் பெயருக்கு மூன்று கூட்டம் வைப்போம். முகப்பு ஓவியத்துக்கு இரவிரவாக விவாதிப்போம். எழுத்துகள் எந்த டேட்டாபேஸில் இருக்கப்போகுது எண்டு கேட்டால், "தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் செய்து தாறான்" என்போம். அந்தப் பெடியனைக் கேட்டால், "மைஎஸ்கியூஎல்தான் அண்ணா, எல்லாரும் அதுதானே பாவிக்கினம்" என்பான்.

எல்லாரும் பாவிக்கினம் என்பது ஒரு காரணமா? எல்லாரும் ஏன் பாவிக்கினம் என்று ஒரு படி பின்னுக்குப் போய்ப் பாருங்கள். மலிவான பகிர்வு ஹோஸ்டிங் எடுத்தால் அதோடு வருவது மைஎஸ்கியூஎல் அல்லது அதன் கிளையான மரியாடிபி. வேர்ட்பிரஸ் அவற்றை நம்பியே எழுதப்பட்டது. டியூட்டரியில் படிப்பிப்பதும் அதைத்தான். தெரிவு எங்களுக்கு முன்னமே செய்யப்பட்டுவிட்டது. நாங்கள் அதில் குடியேறினோம், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், மைஎஸ்கியூஎல் பாவிக்கிறம் எண்டு சத்தியம் பண்ணுகிற பலர் பாவிப்பது மைஎஸ்கியூஎல்லே இல்லை. படிக்கிற காலத்தில் எல்லாரும் கணினியில் ஏற்றும் எக்ஸ்ஏஎம்பிபி மென்பொருள் 2015இலேயே மரியாடிபிக்கு மாறிவிட்டது. அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் மட்டும் பழைய பெயர் தொங்குகிறது. தான் எதைப் பாவிக்கிறான் என்றே தெரியாதவன் "இதுதான் நல்லது" என்று சொன்னால் நாங்கள் தலையாட்ட வேண்டுமா?

யார் கையில் சாவி?

எங்கட முதல் கேள்வி வேகம் பற்றியதல்ல. உரிமை பற்றியது. சமூகவியல் படிக்கிற எங்களுக்கு இந்தக் கேள்வியாவது கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல் 1995இல் சுவீடனில் ஒரு சின்னக் கொம்பனியாகத் தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தன் மூத்த மகள் 'மை'யின் பெயரை அதற்கு வைத்தார். மூலக்குறி எல்லாருக்கும் திறந்திருந்தது, ஆனால் உரிமை கொம்பனியிடம் இருந்தது. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஏறக்குறைய 100 கோடி அமெரிக்க டொலருக்கு அந்தக் கொம்பனியை வாங்கியது. 2010இல் சன்னை ஒராக்கிள் விழுங்கியது. காசுக்கு டேட்டாபேஸ் விற்கும் உலகின் பெரிய முதலாளிகளில் ஒருவரின் கையில், இலவச டேட்டாபேஸின் சாவி போய்ச் சேர்ந்தது. அதே கொள்வனவில் ஒராக்கிளிடம் போன ஓப்பன்சோலாரிஸ் திட்டம் அந்த ஆண்டே கைவிடப்பட்டது. ஓப்பன்ஓபிஸில் வேலை செய்தவர்கள் பிரிந்து லிப்ரேஓபிஸைத் தொடங்கினார்கள்.

நடக்கப்போவதைக் கண்ட விடேனியஸ் 2009இலேயே மூலக்குறியை எடுத்துக்கொண்டு பிரிந்தார். இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி பிறந்தது. விக்கிமீடியா 2013இல் அதற்கு மாறியது. நாங்கள் ஒப்படைக்கு இரகசியமாகத் திறந்து பார்க்கும் தமிழ் விக்கிப்பீடியாவும் அதில்தான் நிற்கிறது. அவர்களால் ஏன் மாற முடிந்தது? மூலக்குறி பொது உரிமத்தில் இருந்தது. பிரிந்துபோகும் உரிமை அந்த உரிமத்துக்குள் எழுதப்பட்டிருந்தது. திறந்த மூலம் என்றால் "சும்மா கிடைக்கும்" என்றுதான் எங்களில் பலர் விளங்கி வைத்திருக்கிறோம். சும்மா கிடைப்பது அதில் சின்ன விசயம். முதலாளி மாறினால் வீட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறலாம் என்பதுதான் பெரிய விசயம்.

அந்தக் கதவை மூடுகிறவர்களும் இருக்கினம். மொங்கோடிபி 2018இல் தன் உரிமத்தை மாற்றியது. புதிய உரிமத்தைத் திறந்த மூலம் என்று அதற்கான பொது அமைப்பு ஏற்கவில்லை. ரெடிஸ் 2024இல் அதே வழியில் போனது. உடனே அதன் பழைய மூலக்குறியிலிருந்து வால்கீ என்ற கிளை பிறந்தது. அடுத்த ஆண்டே ரெடிஸ் மீண்டும் ஒரு திறந்த உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. பிரிந்துபோக முடிந்தவர்களுக்கு முன்னால்தான் முதலாளி இறங்கி வருவான். தொழிற்சங்க வரலாறு படித்தவர்களுக்கு இதில் புதினம் இல்லை.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் வேறு மாதிரி. 1986இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. பிறகு இரண்டு மாணவர்கள் அதற்கு எஸ்கியூஎல் மொழியைப் பூட்டினார்கள். 1996இல் இப்போதைய பெயர் வந்தது. இதை எந்தக் கொம்பனியும் தனியாகச் சொந்தம் கொண்டாட முடியாது. பல கொம்பனிகளில் வேலை செய்பவர்களும் தனியாட்களும் சேர்ந்து வளர்க்கிறார்கள். ஒரு கொம்பனியை வாங்கி இதை வாங்கிவிட முடியாது.

மூன்றாவது எஸ்கியூலைட். ரிச்சர்ட் ஹிப் 2000இல் எழுதியது. இதற்கு உரிமமே இல்லை. பொதுச் சொத்தாக விடப்பட்டது. உங்கள் போனுக்குள் இது இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தூய்மையான தொழில்நுட்பம் எண்டு நாங்கள் ஒண்டையும் கும்பிடவில்லை. போஸ்ட்கிரெஸின் தொடக்க ஆய்வுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் காசு வந்தது. எஸ்கியூலைட்டின் யோசனை ஒரு அமெரிக்கப் போர்க்கப்பலுக்கான வேலையில் பிறந்தது. இதைத் தெரிந்துகொண்டுதான் பாவிக்கிறோம். பிறந்த இடத்தைவிட இன்றைக்குச் சாவி யாரிடம் என்பதே எங்கட கேள்வி.

தமிழை வாசிக்கத் தெரியுமா?

இரண்டாவது கேள்வி இது. எந்த ஆங்கில ஒப்பீட்டுக் கட்டுரையிலும் இதற்குப் பதில் இருக்காது, ஏனெண்டால் அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

மைஎஸ்கியூஎல் 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எழுத்தை லத்தீன்1இல்தான் வைக்கும். வரிசைப்படுத்துவது சுவீடிஷ் மொழி ஒழுங்கில். சுவீடனில் பிறந்ததால் அந்த வழமை. எங்கட கவிதைகள் இத்தனை காலம் சுவீடிஷ் அகரவரிசைக்குள் கிடந்தன. யூடிஎஃப்8 என்று தெரிவுசெய்தாலும் அது முழுமையான யூடிஎஃப்-8 இல்லை. 3 பைட் வரைதான் ஏற்கும். முழுமையானதுக்கு யூடிஎஃப்8எம்பி4 என்று ஒரு தனிப் பெயர். சாதாரணத் தமிழ் 3 பைட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் மா, காணி போன்ற பழைய பின்னங்களுக்கான குறிகள் 2019இல்தான் ஒருங்குறியில் சேர்ந்தன. அவை 4 பைட். பழைய கணக்கேட்டையோ உறுதியையோ இணையத்தில் ஏற்ற நினைக்கும் வரலாற்றுத் துறை நண்பர்கள் இதைக் கவனியுங்கள்.

அடுத்தது வரிசை. தமிழ் நெடுங்கணக்கில் 'வ' முன்னுக்கு, 'ழ' பின்னுக்கு. ஒருங்குறி எண்களில் 'ழ' முன்னுக்கு. அதனால் எண் ஒழுங்கில் அடுக்கும் டேட்டாபேஸ் 'அவன்' என்ற சொல்லுக்கு முன் 'அழகு' என்ற சொல்லைக் கொண்டுவரும். எழுத்தாளர் அட்டவணை போட்டவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். போஸ்ட்கிரெஸில் 2017 முதல் ஐசியு நூலகத்தின் வழியாகத் தமிழுக்கென்று தனி வரிசை ஒழுங்கு உண்டு. மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டிலும் சிங்களத்துக்குத் தனி ஒழுங்கு இருக்கிறது, தமிழுக்கு இல்லை.

இதைப் பார்த்தவுடன் எங்களுக்குள் ஒருவர் "பாத்தியளா, இங்கயும்!" என்று துள்ளினார். நில்லுங்கோ. இது எந்த அரசாங்கமும் செய்த பாரபட்சம் இல்லை. திறந்த மூலத்தில் யாரோ உட்கார்ந்து சிங்கள எழுத்துகளின் ஒழுங்கை எழுதிச் சேர்க்க வைத்திருக்கினம். நல்ல வேலை. தமிழுக்கு அந்த வேலையை நாங்கள் செய்யவில்லை. முறைப்பாடு எழுதும் கை எங்களிடம் தாராளமாக இருக்குது. வரிசை எழுதும் கைதான் இல்லை.

பிறகு தேடல். 'யாழ்ப்பாணம்' என்று தேடினால் 'யாழ்ப்பாணத்தில்' வராது. 'மாதகல்' என்று தேடினால் 'மாதகலில்' வராது. வேற்றுமை உருபு ஏறினவுடன் சொல்லின் கடைசிக் குறியே மாறிவிடுகிறது. நன்னூல் படித்த எங்களுக்கு இது தெரியும், டேட்டாபேஸுக்குத் தெரியாது. போஸ்ட்கிரெஸின் 12ஆம் பதிப்பில், 2019இல், தமிழ்ச் சொற்களின் ஒட்டுகளைக் கழற்றிப் பார்க்கும் தேடல் வசதி சேர்ந்தது. தமிழ் தெரிந்த ஒருவர் ஸ்னோபோல் என்ற பொதுத் திட்டத்துக்கு எழுதிக் கொடுத்தது அங்கே போய்ச் சேர்ந்தது. குறைகள் இருக்கின்றன. எல்லாச் சொல்லையும் அது சரியாகக் கழற்றாது. ஆனால் தமிழுக்கு வால் உண்டு என்பதையாவது அது ஏற்றுக்கொள்கிறது. ஐந்நூறு நேர்காணல்கள் உள்ள ஒரு தளத்தில் ஒரு ஊரின் பெயரைத் தேடுபவருக்கு இது சின்ன விசயம் இல்லை. தன் ஊரைப் பற்றி யாரும் ஒண்டும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் பக்கத்தை மூடிவிடுவாரா, இல்லையா என்பது இதில்தான் தங்கியிருக்கிறது.

மற்றப் பக்கத்துக்கும் நியாயம்

எங்களோடு சண்டைக்கு வருபவர்கள் முதலில் சொல்வது வேகம். ஊபர் கொம்பனி 2016இல் போஸ்ட்கிரெஸை விட்டு மைஎஸ்கியூஎல்லுக்குப் போன கதையைக் காட்டுவார்கள். உண்மை. ஒரு வரிசையைத் திருத்தும்போது போஸ்ட்கிரெஸ் வட்டில் அதிகமாக எழுதுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அவர்கள் அளவுக்கு அது நியாயமாக இருக்கலாம். தோழர், உங்கட தளத்துக்கு ஒரு நாளைக்கு எத்தினை பேர் வருகினம்? எங்களுக்கு நல்ல நாளில் முந்நூறு பேர். உள்ளூர்க் கடைக்குச் சாமான் எடுக்க கொள்கலன் கப்பல் வேணுமா எண்டு யாராவது விவாதிப்பார்களா?

இரண்டாவது, மைஎஸ்கியூஎல் இப்போது திருந்திவிட்டது என்பார்கள். அதுவும் உண்மை. 8.0 முதல் யூடிஎஃப்8எம்பி4தான் வழமை. வரிசையும் முந்தியதைவிட நல்லது. ஆனால் மலிவான ஹோஸ்டிங்குகளில் பழைய பதிப்புகளும், முன்னர் உருவாக்கிய பழைய அட்டவணைகளும் இன்னும் கிடக்கின்றன. எங்களைக் கவிழ்த்ததும் அப்படியான ஒன்றுதான்.

மூன்றாவது வாதம்தான் எங்களுக்குக் கனமானது: "வேர்ட்பிரஸ் இல்லாமல் எங்களால தளம் நடத்த ஏலாது. காசும் இல்லை, கோட் எழுதவும் தெரியாது." சரி. அப்படியென்றால் மரியாடிபியோடு வேர்ட்பிரஸ் போடுங்கள், குற்றமில்லை. ஆனால் தெரிந்து போடுங்கள். அட்டவணைகள் யூடிஎஃப்8எம்பி4இல் இருக்கின்றனவா என்று முதல் நாளே பாருங்கள்.

எங்கட முடிவு இது

பூசி மெழுகாமல் சொல்கிறோம். ஒருவர் இருவர் மட்டும் எழுதி ஏற்ற, மற்றவர்கள் வாசிக்கும் சின்ன இதழுக்கு எஸ்கியூலைட் போதும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம் என்ற கட்டுப்பாடு எங்களைப் போன்றவர்களை ஒன்றும் செய்யாது. ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்குக் குறைவான வருகைகள் உள்ள தளம் இதில் தாராளமாக ஓடும் என்று அதை எழுதியவர்களே சொல்கிறார்கள். முழு டேட்டாபேஸும் ஒரே கோப்பு. எழுதாத நேரத்தில் பிரதி எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தரவுகளைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதுவும் ஒன்று. 2050 வரை பராமரிப்போம் என்று எழுதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தமிழ் வரிசையும் தமிழ்த் தேடலும் இதில் தானாக வராது என்பதையும் மறைக்கவில்லை.

நேர்காணல், ஆவணம், புகைப்பட விபரம் என்று வளரப்போகும் தளத்துக்கும், பலர் சேர்ந்து எழுதித் தேடப்போகும் தளத்துக்கும் போஸ்ட்கிரெஸ். ஹோஸ்டிங்குக்குக் கொஞ்சம் காசு கூடவரும், தெரிந்த ஆளைத் தேட வேண்டிவரும். பரவாயில்லை. முகப்பு ஓவியத்துக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

ஆனால் எந்த டேட்டாபேஸும் சோம்பேறியைக் காப்பாற்றாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் கொம்பனியில் ஒரு பொறியியலாளர், வேறொரு சேர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த போஸ்ட்கிரெஸ் தரவுகளை அழித்துவிட்டார். பிரதிகளைத் தேடினார்கள். ஒழுங்காக எடுக்கப்படுவதாக நினைத்த பிரதி, பதிப்பு பொருந்தாமல் பல நாளாகவே எடுக்கப்படவில்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. இடையில் எழுதப்பட்டவை போய்விட்டன. நல்ல டேட்டாபேஸ், கெட்டித்தனமான ஆட்கள், நிறையக் காசு எல்லாம் இருந்தும் அவர்களும் எங்களைப் போலப் பிரதியைத் திறந்து பார்க்கவில்லை. ஆனால் நடந்ததை ஒளிக்காமல் எல்லாருக்கும் முன்னால் எழுதி வைத்தார்கள். அந்தத் துணிவைப் பார்த்துத்தான் நாங்களும் இதை எழுதுகிறோம்.

ஆகவே இதழ், வாசகர் வட்டம், ஆவணத் திட்டம் என்று எதை நடத்தினாலும், அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை வைத்து, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். எங்கட எழுத்து எந்த டேட்டாபேஸில், எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது? அதன் சாவியும் கடவுச்சொல்லும் எத்தனை பேரிடம் இருக்கின்றன? கடைசிப் பிரதியை யார், எந்தத் திகதியில் வேறொரு கணினியில் திறந்து தமிழில் வாசித்துப் பார்த்தது? மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு திகதியும் இல்லையென்றால், உங்களிடம் பிரதி இல்லை.

எங்கட கணக்கையும் சொல்லிவிடுகிறோம். இணைய ஆவணக்காப்பகத்தில் முகப்புப் பக்கமும் நான்கு கட்டுரைகளும் கிடைத்தன. ஒரு அக்கா தன் கொப்பியிலிருந்து ஒன்பது கவிதைகளைப் படம் எடுத்து அனுப்பினார். நேர்காணல்களில் ஒன்றும் வரவில்லை. சொன்ன அம்மம்மாமாரில் இரண்டு பேர் இப்போது இல்லை. கேள்விக்குறிக் கோப்பை நாங்கள் அழிக்கவில்லை. பழைய இதழின் பக்கங்களை யாராவது அச்சடித்தோ, ஸ்கிரீன்ஷொட் எடுத்தோ வைத்திருந்தால் தாருங்கள். எத்தனை குறி, எங்கே இடைவெளி என்று அந்தக் கோப்போடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எதுவென்று கண்டுபிடித்துவிடுவோம்.